மீத்தேன் உண்டாக்குவது பாக்டீரியாவா? வயலில் வருவது கடலில் ஏன் வருவதில்லை?

கேள்வி இதுதான்: சாண எரிவாயுக் கலன், நெல் வயல், மாட்டு வயிறு எல்லாவற்றிலும் மீத்தேனை உண்டாக்குவது "மீத்தேன் பாக்டீரியா" என்று சிலர் சொல்கிறார்கள், இல்லை அது ஆர்க்கியா, பாக்டீரியாவே கிடையாது என்று வேறு சிலர் சொல்கிறார்கள், எது சரி? சேறும் அழுகலும் இருந்தால் மீத்தேன் வரும் என்றால் கடலோரச் சேற்றிலிருந்தும் கடலடியிலிருந்தும் ஏன் அதே அளவுக்கு வருவதில்லை? கடைசியாக, வீட்டு பயோகாஸ் கலனில் ஊற்ற தனியாக "கல்ச்சர்" (புட்டியில் விற்கும் நுண்ணுயிர்க் கலவை) வாங்க வேண்டுமா?

முதலாவதற்கு நேரடி பதில்: ஆர்க்கியாதான், அதாவது பார்க்க பாக்டீரியா போலவே இருந்தாலும் தனிப் பெரும்பிரிவான நுண்ணுயிர்கள். இன்றுவரை மீத்தேனை உண்டாக்கி அதிலிருந்தே பிழைப்பு நடத்தும் பாக்டீரியா ஒன்றுகூடத் தெரியாது. வேறு ஏதோ வேலையின் பக்கவிளைவாகக் கொஞ்சம் மீத்தேன் கசியவிடும் பாக்டீரியா உண்டு, அது வேறு கதை. மீத்தேன் தயாரிப்பதையே தொழிலாக வைத்திருப்பவை எல்லாம் ஆர்க்கியா.

நுண்ணோக்கியில் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. இரண்டுக்கும் உட்கரு கிடையாது, அளவும் கிட்டத்தட்ட ஒன்றே, கோல் வடிவம், உருண்டை வடிவம் இரண்டிலும் உண்டு. அதனால்தான் 1970-கள் வரை யாரும் சந்தேகப்படவில்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வோஸ் என்பவர், செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டாக வெட்டி, அந்தத் துண்டுகளை ஒப்பிட்டு உயிர்களின் உறவுமுறையைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். கதிரியக்க பாஸ்பரஸ் ஏற்றி, ஃபிலிமில் விழும் புள்ளிகளைக் கண்ணால் பார்த்துப் படிக்கும் வேலை, மகா பொறுமை வேண்டும். அதே பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் வுல்ஃப் மீத்தேன் உயிரிகளை வளர்த்துவந்தார். அவருடைய ஆய்வகத்தில் ஊர்ச் சாக்கடைக் கசடிலிருந்து பிரித்தெடுத்திருந்த ஒரு வெப்பவிரும்பி இனத்தை வோஸ் வாங்கிப் பார்த்தபோது, எல்லா பாக்டீரியாவிலும் தவறாமல் வரும் துண்டுகள் அதில் இல்லை. மற்ற மீத்தேன் உயிரிகளிலும் அதே கதை. 1977-ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் சேர்ந்து, இவை பாக்டீரியாவும் இல்லை, நம்மைப் போன்ற உட்கரு உயிரிகளும் இல்லை, மூன்றாவது ஒரு பெரும்பிரிவு என்று எழுதினார்கள். எதிர்ப்பு சாதாரணமாக இருக்கவில்லை. நோபல் பரிசு பெற்ற சால்வடோர் லூரியா வுல்ஃபைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இந்த உளறலிலிருந்து விலகிக்கொள், இல்லாவிட்டால் உன் பெயர் கெட்டுவிடும் என்று எச்சரித்ததை வுல்ஃபே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். முதலில் வைத்த பெயர் ஆர்க்கிபாக்டீரியா, குழப்பம் வேண்டாம் என்று 1990-ல் வாலை வெட்டி ஆர்க்கியா ஆக்கினார்கள். பழைய பாடநூல் படித்தவர்கள் இன்றும் "மீத்தேன் பாக்டீரியா" என்று சொல்வது அதன் மிச்சம்தான்.

பெயர் மட்டுமே மாறியது என்று நினைக்க வேண்டாம். செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வே வேறு. பாக்டீரியாவிலும் நம் செல்லிலும் கொழுப்பு அமிலங்கள் எஸ்டர் என்ற வேதிப்பிணைப்பால் கிளிசராலோடு ஒட்டியிருக்கும், ஆர்க்கியாவில் ஐசோபிரீன் சங்கிலிகள் ஈத்தர் என்ற வேறுவகைப் பிணைப்பால் ஒட்டியிருக்கும், அந்தக் கிளிசராலே கண்ணாடிப் பிம்பம் போலத் திரும்பிய வடிவம். பாக்டீரியாவின் செல்சுவருக்கு ஆதாரமான பெப்டிடோகிளைக்கன் இவற்றில் கிடையாது, ஆகவே பெனிசிலின் இவற்றை ஒன்றும் செய்யாது. ஆய்வகத்தில் மீத்தேன் உயிரியைத் தனியாகப் பிரிக்கவே பெனிசிலின் போட்டுக் கூட இருக்கும் பாக்டீரியாவைக் காலி செய்வார்கள். மறுபக்கம், மரபணுவைப் படித்துப் புரதம் செய்யும் இயந்திரம் பாக்டீரியாவைவிட நம்முடையதோடு நெருக்கமாக ஒத்துப்போகிறது. 1996-ல் மெத்தனோகால்டோகாக்கஸ் ஜன்னாஷி என்ற மீத்தேன் உயிரியின் முழு மரபணுத்தொகுதியும் வெளிவந்தபோது வோஸை நம்பாதவர்களில் பலர் வாயடைத்துப் போனார்கள். 2015-ல் ஆர்க்டிக் நடுக்கடல் சேற்றிலிருந்து லோக்கி ஆர்க்கியா என்ற புதுப் பிரிவு கிடைத்த பிறகு, நம் செல்களின் மூதாதையே ஏதோ ஒரு ஆர்க்கியாவாக இருக்க வேண்டும் என்ற கருத்து இன்னும் வலுத்துவிட்டது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் ஒதுக்கிவிடுகிறேன். ஆர்க்கியா என்றாலே வெந்நீர் ஊற்று, உப்பளம், எரிமலை என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. உண்மைதான், இந்தியப் பெருங்கடலின் நடுவே கடலடி வெந்நீர் ஊற்றிலிருந்து எடுத்த மெத்தனோபைரஸ் காண்ட்லெரி 122 டிகிரி செல்சியஸில்கூட வளர்ந்தது, உயிரினங்களில் அதுதான் உச்சம். ஆனால் சாதாரணக் கடல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களில் ஐந்தில் ஒரு பங்கு போல ஆர்க்கியா, வயல் மண்ணில் அமோனியாவை ஆக்ஸிகரணம் செய்வதில் ஆர்க்கியாவுக்குப் பெரிய பங்கு, உங்கள் குடலிலும் மெத்தனோபிரெவிபாக்டர் ஸ்மித்தி என்ற மீத்தேன் ஆர்க்கியா இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இத்தனை நெருக்கமாக இருந்தும் இதுதான் இந்த நோய்க்குக் காரணம் என்று சந்தேகமில்லாமல் நிரூபிக்கப்பட்ட ஒரு ஆர்க்கியாகூடக் கிடையாது என்பது எனக்கு இன்னும் விசித்திரமாகத்தான் படுகிறது.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருவோம், அதுதான் உண்மையில் நல்ல கேள்வி. மீத்தேன் உயிரிகளைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: அவை கடைசிப் பந்தியில் உட்காருபவை. எந்த உயிரியும் உணவிலிருந்து எலக்ட்ரானை உருவி வேறு ஏதாவது ஒரு பொருளிடம் தள்ளிவிட்டுத்தான் ஆற்றல் எடுக்கிறது. நாம் ஆக்சிஜனிடம் தள்ளுகிறோம், அதில் கிடைக்கும் ஆற்றல் மிக அதிகம். ஆக்சிஜன் தீர்ந்த சேற்றில் நைட்ரேட்டிடம் தள்ளுகிறவை முதலில் உட்காரும், அது தீர்ந்தால் மாங்கனீஸ், அப்புறம் துரு வடிவ இரும்பு, அப்புறம் சல்ஃபேட். இவை எல்லாம் தீர்ந்த பிறகுதான் கார்பன் டை ஆக்சைடிடம் எலக்ட்ரானைத் தள்ளி மீத்தேனாக்குகிறவர்களுக்கு இலை விழும். வரிசையில் பின்னால் போகப் போக ஆற்றல் குறைந்துகொண்டே வரும், கடைசியில் இருப்பவர்களுக்குக் கிடைப்பது சொற்பம்.

முந்தைய பந்திக்காரர்கள் இவற்றை அடித்து விரட்டுவதில்லை, சாப்பாட்டைத் தரைமட்டத்துக்கு வழித்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். பொது உணவான ஹைட்ரஜனை எடுத்துக்கொள்ளுங்கள். மீத்தேன் உண்டாகும் சேற்றில் நீரில் கரைந்த ஹைட்ரஜன் லிட்டருக்கு 7 முதல் 10 நானோமோல் இருக்கும், அதற்குக் கீழே போனால் மீத்தேன் உயிரிக்குக் கட்டுப்படியாகாது. சல்ஃபேட் உயிரிகளோ அதை 1 முதல் 1.5 நானோமோல் வரை இழுத்துவிடும், இரும்பு உயிரிகள் அதற்கும் கீழே. சல்ஃபேட் இருக்கும்வரை மீத்தேன் உயிரி உயிரோடு இருந்தாலும் பட்டினிதான்.

இவை மீத்தேன் செய்ய மூன்று வழி. ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்ப்பது ஒன்று. அசெட்டேட்டை, அதாவது வினிகரில் இருக்கும் அமிலத்தின் உப்பை, இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை மீத்தேனாகவும் மறு பாதியைக் கார்பன் டை ஆக்சைடாகவும் விடுவது இன்னொன்று, இதை இரண்டே பேரினங்கள்தான் செய்கின்றன: மெத்தனோசார்சினா, மெத்தனோத்ரிக்ஸ். மெத்தனால், மெத்தில் அமீன் போன்றவற்றிலிருந்து செய்வது மூன்றாவது. எந்த வழியில் வந்தாலும் கடைசிப் படி ஒன்றே, மெத்தில் கோஎன்சைம் எம் ரிடக்டேஸ் என்ற நொதி, அதன் நடுவில் ஒரு நிக்கல் அணு. இந்த நிக்கலை ஆக்சிஜன் தொட்டால் நொதி செயலிழந்துவிடும். இதை மறந்துவிடாதீர்கள், மாட்டு விஷயத்திலும் கடல் விஷயத்திலும் இதே நொதி திரும்ப வரும்.

ஆற்றல் சொற்பம் என்றேனே, அதனால்தான் நமக்கு எரிவாயுவே கிடைக்கிறது. ஒரு மோல் குளுக்கோஸை ஆக்சிஜனோடு முழுதாக எரித்தால் சுமார் 2,870 கிலோஜூல். அதையே ஆக்சிஜன் இல்லாமல் மீத்தேனாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றினால் இதில் ஈடுபட்ட அத்தனை நுண்ணுயிர்களுக்கும் சேர்த்து சுமார் 400 கிலோஜூல்தான். மிச்சம் எண்பத்தைந்து சதவீதம் மீத்தேனுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, அதைத்தான் நீங்கள் அடுப்பில் எரிக்கிறீர்கள்.

"ஈடுபட்ட அத்தனை நுண்ணுயிர்களும்" என்றதைக் கவனியுங்கள். மீத்தேன் உயிரிக்கு வைக்கோலோ சோறோ சாணமோ நேரடியாகச் சாப்பிடத் தெரியாது. பாக்டீரியா முதலில் அதை உடைத்துச் சர்க்கரையாக்கி, நொதிக்கவைத்து, அமிலங்களாக்கி, அந்த அமிலங்களை இன்னும் உடைத்து ஹைட்ரஜனாகவும் அசெட்டேட்டாகவும் தர வேண்டும். இந்தக் கூட்டு எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. மெத்தனோபேசிலஸ் ஒமெலியான்ஸ்கி என்று ஒரு உயிரி, ஆல்கஹாலைத் தின்று மீத்தேன் விடும், பல வருடம் அதை ஒரே இனம் என்று நம்பி ஆராய்ச்சி செய்தார்கள். 1967-ல் மார்வின் பிரையன்ட், வுல்ஃப் முதலானோர் பார்த்தால் அது இரண்டு உயிரிகள்: ஒன்று ஆல்கஹாலை உடைத்து ஹைட்ரஜன் விடும் பாக்டீரியா, மற்றது அந்த ஹைட்ரஜனைத் தின்னும் மீத்தேன் உயிரி. வேடிக்கை என்னவென்றால் முதலாவதைத் தனியாக விட்டால் அது விடும் ஹைட்ரஜனே சேர்ந்துபோய் வேலையை நிறுத்திவிடும், உடனுக்குடன் யாராவது எடுத்துக்கொண்டால்தான் அந்த வினையே ஆற்றல் தரும். கடைசிப் பந்தி ஆட்கள் வரவில்லை என்றால் சமையலறையே நின்றுவிடும் என்ற நிலை.

நெல் வயலை இப்போது பாருங்கள். தண்ணீர் கட்டியதும் மண்ணுக்குள் ஆக்சிஜன் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும், நைட்ரேட்டும் சீக்கிரம் போய்விடும், இரும்பு இருக்கும் மண்ணில் அது கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும், சல்ஃபேட் நன்னீர் வயலில் குறைவு. சில வாரத்துக்குள் மீத்தேன் உயிரிகளின் முறை வந்துவிடுகிறது. பசுந்தாள் உரமோ வைக்கோலோ மடக்கி உழுது உடனே தண்ணீர் கட்டினால் இன்னும் வேகமாக, இன்னும் அதிகமாக. உண்டான மீத்தேன் குமிழியாக மேலே வருவதைவிட நெற்பயிர் வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேறுகிறது: வேருக்கு ஆக்சிஜன் கொண்டுபோவதற்காகப் பயிர் வைத்திருக்கும் காற்றறைத் திசு வழியாகவே மீத்தேன் எதிர்த் திசையில் ஏறி இலைப்பக்கம் வந்துவிடும், எண்பது தொண்ணூறு சதவீதம் வரை இந்த வழிதான். அதே ஆக்சிஜனை நம்பி வேரைச் சுற்றி மீத்தேன் தின்னும் பாக்டீரியாவும் இருக்கிறது (ஆம், தின்பவற்றில் பாக்டீரியா உண்டு), அது ஒரு பங்கைப் பிடித்துவிடுகிறது.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் பரிந்துரைக்கும் காய்ச்சலும் பாய்ச்சலுமான நீர்ப் பாசனம் இங்கேதான் வேலை செய்கிறது. துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் போன பிறகு மறுபடி பாய்ச்சுவது, பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடாமல் பார்த்துக்கொள்வது. மீத்தேன் முப்பது முதல் ஐம்பது சதவீதம் வரை குறையும். காய்ந்த மண்ணில் புகும் ஆக்சிஜன் மீத்தேன் உயிரிகளைக் கொன்றுவிடுவதால்தான் குறைகிறது என்று பலர் எழுதுகிறார்கள், அது அவ்வளவு சரியில்லை, அவற்றில் நிறைய காய்ச்சலைத் தாங்கிக்கொண்டு கிடக்கும். முக்கியமான காரணம், உள்ளே புகுந்த காற்று கரைந்த இரும்பை மறுபடி துருவாக்குகிறது, சல்ஃபைடை மறுபடி சல்ஃபேட் ஆக்குகிறது. தண்ணீர் திரும்ப வந்ததும் முந்தைய பந்திகள் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும், மீத்தேன்காரர்கள் மறுபடி காத்திருக்க வேண்டியதுதான். ஒரு எச்சரிக்கை: ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வரும்போது தழைச்சத்து உரத்திலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கூடும், அது மீத்தேனைவிடக் கடுமையான பசுமையில்ல வாயு. உரத்தைக் கணக்காகப் போடாமல் தண்ணீரை மட்டும் குறைத்துவிட்டுச் சுற்றுச்சூழலைக் காப்பாற்றிவிட்டேன் என்று சொல்ல முடியாது. இன்னொரு விஷயம், களர் நிலத்தைத் திருத்தப் போடும் ஜிப்சம் என்பது கால்சியம் சல்ஃபேட். பிலிப்பைன்ஸில் 1990-களில் ஜிப்சம் போட்டுப் பார்த்த வயலில் மீத்தேன் பாதிக்கு மேல் குறைந்தது.

மாட்டைப் பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் எல்லோரும் எழுதியாயிற்று. மீத்தேன் பின்பக்கமாக வருகிறது என்ற நகைச்சுவையை விட்டுவிடுங்கள், தொண்ணூற்றைந்து சதவீதம் ஏப்பமாக வாய் வழியாகத்தான் வருகிறது. அசைபோடும் வயிற்றில் உண்டாகும் அசெட்டேட்டை மாடே உறிஞ்சிக்கொள்கிறது, அசெட்டேட் தின்னும் மீத்தேன் உயிரிகள் மெதுவாக வளர்பவை, அவை பெருகுவதற்குள் தீவனம் நகர்ந்துவிடும். ஆக மாட்டுக்குள் நடப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் வழி. வைக்கோல் போன்ற நார்த்தீவனம் அதிகமானால் ஹைட்ரஜனும் அதிகம், தானியம் சேர்த்தால் நொதித்தல் புரோப்பியோனேட் என்ற வேறொரு அமில உப்பின் பக்கம் திரும்பி ஹைட்ரஜன் குறையும். தின்ற ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை மீத்தேனாகப் போகிறது, நஷ்டம் விவசாயிக்கும்தான். இந்தியாவில் பசுவினமும் எருமையும் சேர்ந்து 30 கோடிக்கு மேல் என்பதால் கூட்டிப் பார்த்தால் சின்னக் கணக்கு இல்லை. ஆன்டிபயாடிக் கொடுத்து மீத்தேன் உயிரிகளை அழித்துவிடலாமா என்று யோசிப்பவர்களுக்கு: பெனிசிலின் போன்றவை அவற்றை விட்டுவிட்டு நார் செரிக்கும் பாக்டீரியாவைத்தான் அடிக்கும், மாடுதான் கெட்டுப்போகும். இப்போது வந்திருக்கும் 3-நைட்ரோஆக்சிபுரோப்பனால் என்ற தீவனச் சேர்க்கை நான் மேலே சொன்ன நிக்கல் நொதியையே முடக்குகிறது, கறவை மாட்டில் சுமார் முப்பது சதவீதம் குறைகிறது, ஐரோப்பிய ஒன்றியம் 2022-லேயே அனுமதித்துவிட்டது. அஸ்பரகாப்சிஸ் என்ற சிவப்புக் கடற்பாசியில் இருக்கும் புரோமோஃபார்மும் அதே நொதியைத்தான் தாக்கும். ஆனால் தினமும் தொட்டியில் தீவனம் கலந்து வைக்கும் பண்ணைக்குச் சரி, மேய்ச்சலுக்குப் போய்வரும் மாட்டுக்கு எப்படிக் கொடுப்பது என்பதற்கு இன்னும் சுலபமான வழி இல்லை.

கடலுக்கு வருவோம். கடல்நீரில் சல்ஃபேட் லிட்டருக்கு சுமார் 28 மில்லிமோல், நன்னீரோடு ஒப்பிட்டால் கொட்டிக் கிடக்கிறது. அதனால் உப்புநீர் ஏறும் சேற்றில் சல்ஃபேட் பந்தி கிட்டத்தட்ட முடிவதே இல்லை. உப்பு மீத்தேன் உயிரிகளைக் கொல்வதில்லை, உப்பில் நன்றாக வாழ்பவையும் உண்டு, சல்ஃபேட்தான் காரணம். சோதித்துப் பார்க்க மூக்கே போதும்: மீத்தேனுக்கு வாடையே கிடையாது, சேற்றில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அது சல்ஃபேட் உயிரிகள் விடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. நாற்றம் பலமாக இருக்கும் இடத்தில் பெரும்பாலும் மீத்தேன்காரர்கள் ஓரங்கட்டப்பட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். (கொள்ளிவாய்ப் பிசாசு மீத்தேன்தான் என்று அடித்துச் சொல்பவர்களுக்கும் ஒன்று: மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ள 500 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், சதுப்பு நிலத்தில் ராத்திரி அந்தச் சூடு எங்கிருந்து வரும்?)

அப்படியென்றால் பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காட்டில் மீத்தேனே வராதா? வரும், குறைவாக. மெத்தில் அமீன் போன்ற சில பொருட்களை சல்ஃபேட் உயிரிகள் அவ்வளவாகச் சீந்துவதில்லை, கடல் உயிர்கள் அழுகும்போது அவை நிறைய உண்டாகும், மீத்தேன் உயிரிகள் அதை வைத்து ஒரு ஓரமாகப் பிழைத்துக்கொள்ளும். நகரச் சாக்கடை கலக்கும் கழிமுகம் என்றால் நிலைமை மாறிவிடும். கரிமக் கழிவு ஏராளமாக வந்து சல்ஃபேட்டையே தீர்த்துவிடும், நன்னீர் கலந்து உப்பும் நீர்த்துப்போகும், அப்போது மீத்தேன் கொப்பளிக்கத்தான் செய்யும்.

ஆழ்கடலில் நடப்பது இதைவிடச் சுவாரசியம். கடலடிச் சேற்றில் சில மீட்டர், சில இடங்களில் பல மீட்டர், கீழே போனால் சல்ஃபேட் தீர்ந்துவிடும், அங்கே மீத்தேன் ஏராளமாக உண்டாகிறது. அழுத்தமும் குளிரும் சேர்ந்த இடங்களில் அது பனிக்கட்டி போன்ற மீத்தேன் ஹைட்ரேட்டாக உறைந்தும் கிடக்கிறது. கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் 2006-ல் துளையிட்டு எடுத்ததும் அதுதான், அந்த மீத்தேன் பெரும்பாலும் நுண்ணுயிர் செய்தது. அவ்வளவும் மேலே வந்தால் என்ன ஆகும்? வருவதில்லை. 1970-களிலேயே கடல் வேதியியலாளர்கள் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள்: கீழிருந்து ஏறும் மீத்தேனும் மேலிருந்து இறங்கும் சல்ஃபேட்டும் ஒரே ஆழத்தில் ஒன்றாகக் காணாமல் போகின்றன, அங்கே ஆக்சிஜன் துளிகூட இல்லை. ஆக்சிஜன் இல்லாமல் மீத்தேனை யாரும் தின்ன முடியாது என்று நுண்ணுயிரியலாளர்கள் அப்போது நம்பிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் ஓரிகன் கரைக்கு அப்பால் ஹைட்ரேட் ரிட்ஜ் என்ற இடத்துச் சேற்றில் ஆன்ட்யே போயிட்டியஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2000-ல் ஆளைக் காட்டிவிட்டார்கள். நூறு போல ஆர்க்கியா செல்கள் நடுவில் கொத்தாக, சுற்றிலும் இருநூறு போல சல்ஃபேட் பாக்டீரியா. நடுவில் இருப்பவை மீத்தேன் உயிரிகளின் நெருங்கிய சொந்தக்காரர்கள், அதே நிக்கல் நொதியைத் திருப்பி ஓட்டி மீத்தேனை உடைக்கிறார்கள். கிடைக்கும் எலக்ட்ரானைச் சுற்றியிருக்கும் பாக்டீரியாவிடம் நேரடியாகக் கடத்துகிறார்கள் என்பதற்கு 2015-ல் நல்ல சான்றுகள் வந்தன. இதில் கிடைக்கும் ஆற்றலோ மீத்தேன் செய்வதைவிடவும் அற்பம், அதையும் இரண்டு பேர் பங்குபோட வேண்டும், ஒரு செல் இரண்டாக மாதக்கணக்கில் ஆகும். இவ்வளவு மந்தமான ஜீவன்கள்தான் கடலடியில் ஏறிவரும் மீத்தேனில் பெரும்பகுதியைத் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே தின்றுவிடுகின்றன. கருங்கடலின் அடியில் ஆக்சிஜனே இல்லாத நீரில் இவை கட்டிய சுண்ணாம்புத் தூண்கள் நான்கு மீட்டர் உயரம் வரை நிற்கின்றன. ஆகவே கடலிலிருந்து மீத்தேன் குறைவாக வருவதற்கு இரண்டு காரணம்: மேல் சேற்றில் சல்ஃபேட்காரர்கள் உண்டாகவே விடுவதில்லை, கீழே உண்டானதை வழியிலேயே பிடித்துவிடுகிறார்கள்.

உலகம் முழுக்கக் காற்றில் சேரும் மீத்தேன் ஆண்டுக்கு சுமார் 60 கோடி டன், அதில் மூன்றில் இரண்டு பங்கு போல நுண்ணுயிர் செய்தது என்பது பொதுவான கணக்கு. நுண்ணுயிர் செய்த மீத்தேனில் கார்பன் அணுவின் கனமான வகையான கார்பன்-13 குறைவாக இருக்கும், நிலத்தடி எரிவாயுவில் கூடுதல். 2007-லிருந்து காற்றில் மீத்தேன் மறுபடி ஏற ஆரம்பித்தது, கூடவே கார்பன்-13 விகிதம் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏறுவதில் பெரும்பங்கு மாடு, வயல், குப்பைமேடு, வெப்பமண்டலச் சதுப்பு ஆகியவற்றிலிருந்து என்று பலர் சொல்வது இதை வைத்துத்தான். எண்ணெய் எரிவாயு நிறுவனங்களுக்கு இது நற்சான்றிதழ் இல்லை, குழாயில் கசிவதை அடைப்பதுதான் எல்லாவற்றையும்விடச் சுலபம், மலிவும்கூட.

கடைசியாகக் கல்ச்சர். வேண்டாம். புதுச் சாணத்தில் மீத்தேன் உயிரியும் அதற்குச் சமைத்துப்போடும் பாக்டீரியாவும் ஏற்கெனவே சேர்ந்தே இருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கலனிலிருந்து ஒன்றிரண்டு வாளி கரைசல் கிடைத்தால் இன்னும் நல்லது, அசெட்டேட் தின்பவையும் அதில் தேவையான அளவு பெருகியிருக்கும். புட்டியில் வருவதில் பெரும்பாலும் உணவை உடைக்கும் பாக்டீரியாவும் நொதியும்தான் இருக்கும், அவை எப்போதுமே வேகமாக வளர்பவை, உங்கள் கலனில் தட்டுப்பாடு அவற்றுக்கு இல்லை. மெதுவாக வளரும் மீத்தேன் உயிரிக்குத்தான் தட்டுப்பாடு. புதுக் கலனில் முதல் வாரத்திலேயே மீந்த சோறும் பழத்தோலும் அள்ளிப்போட்டால் நடப்பது இதுதான்: பாக்டீரியா ஒரே நாளில் அமிலமாக்கிவிடும், தின்பதற்கு ஆள் போதாமல் அமிலம் தேங்கும், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6.5-க்குக் கீழே இறங்கினால் மீத்தேன் உயிரி சுணங்கும், அது சுணங்கினால் அமிலம் இன்னும் தேங்கும். புளித்த வாடை வரும், வாயு வரும் ஆனால் எரியாது, ஏனென்றால் அது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. அப்போது போடுவதை முழுக்க நிறுத்துங்கள், கொஞ்சம் புதுச் சாணக் கரைசல் ஊற்றி ஒன்றிரண்டு வாரம் சும்மா விடுங்கள், தேவைப்பட்டால் சுண்ணாம்பைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம், பி.எச். தாளில் 7-ஐ ஒட்டி வந்தால் போதும். சுடர் நீலமாக நின்று எரிய ஆரம்பித்த பிறகு சமையல் கழிவை நாளுக்கு ஒரு கைப்பிடி என்று தொடங்கி வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொண்டு போங்கள், குளிர் மாதங்களில் அளவைக் குறைத்துவிடுங்கள்.